உப்புக்கு மூலக்கூறு இல்லை

மகள் சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். ஆகஸ்டில் நடந்த டபிள்யூ.ஏ. என்கிற வகுப்புத் தேர்வில் அணுக்களும் மூலக்கூறுகளும் பாடத்தில் ஒரு கேள்வி. நான்கு பெட்டிகள், பெட்டிக்குள் அணுக்களைக் குறிக்கும் வட்டங்கள், சில தனியாக, சில ஒட்டிக்கொண்டு, சில வெள்ளை, சில கறுப்பு. எந்தப் பெட்டியில் தனிமம் (எலிமென்ட்), எதில் சேர்மம் (காம்பவுண்ட்), எதில் கலவை என்று காரணத்தோடு எழுத வேண்டும். இரண்டு வெள்ளை வட்டங்கள் ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியை அவள் சேர்மம் என்று எழுதியிருந்தாள். காரணம்: அணுக்கள் சேர்ந்திருக்கின்றன. இரண்டு மார்க் போயிற்று. இரண்டு மார்க் பெரிய விஷயமில்லை என்று எனக்கும் தெரியும். அன்று ராத்திரி நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த விதம்தான் இத்தனை நாளாக மனத்தில் கிடந்து அறுக்கிறது.

நான் சொன்னது இதுதான்: "ஒரே நிறம்னா எலிமென்ட். ரெண்டு நிறம்னா காம்பவுண்ட். அவ்வளவுதான், மனசுல வச்சுக்கோ." வேலை முடிந்து வந்து, சாப்பாட்டுப் பாத்திரங்கள் கழுவிக்கொண்டே சொன்னது. அவள் தலையை ஆட்டினாள். அடுத்த வாரம் பயிற்சித்தாளில் இன்னொரு பெட்டி வந்தது. வெள்ளை வட்டங்களும் கறுப்பு வட்டங்களும் தனித்தனியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல். அது ஹீலியமும் நியானும் கலந்த வாயு, அதாவது கலவை. அவள் சேர்மம் என்று எழுதிவிட்டாள். இந்தத் தவறு என்னுடையது. முதல் தவறாவது அவளே யோசித்துச் செய்தது, அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இரண்டாவதை நான் கையில் பிடித்துக் கொடுத்தேன்.

இந்த ஊரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு 'கீவேர்ட்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பில் அறிவியல் தொடங்கும் நாளிலிருந்து அது வீட்டுக்குள் வந்துவிடும். இந்தச் சொல் விடையில் இருந்தால் மார்க், இல்லாவிட்டால் இல்லை. திருத்துபவர்களுக்கு ஏதாவது ஓர் அளவுகோல் வேண்டும்தான், அதில் எனக்குக் குறையில்லை. மனப்பாடத்துக்கும் நான் எதிரி இல்லை. தனிம அட்டவணையில் முதல் இருபதை மனப்பாடம் செய்யாமல் வேதியியலில் ஓரடி எடுத்து வைக்க முடியாது. ஆனால் 'கெமிக்கலி கம்பைன்ட்' (வேதி முறையில் சேர்ந்தது) என்று சரியாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, அந்தச் சொற்கள் சுட்டும் ஒரு படம் கண்ணுக்குள் தெரியவில்லை என்றால், அவள் படித்தது என்ன என்ற கேள்வி எனக்கு விடாமல் வந்துகொண்டே இருந்தது. அவள் எழுதிய முதல் விடையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அணுக்கள் சேர்ந்திருக்கின்றன, அதனால் சேர்மம். இதில் எங்கே பிசகு என்று என்னால் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை.

பூக்கட்டு

அப்புறம் நவராத்திரி வந்தது. ஆண்டிறுதித் தேர்வும் கூடவே வந்தது, எப்போதும் போல. என் அம்மா எங்களோடு ஈசூனில்தான் இருக்கிறார். அந்தப் பத்து நாளும் தேக்கா சந்தைக்குப் போய் உதிரிப்பூ வாங்கி வந்து தானே கட்டினால்தான் அவருக்குத் திருப்தி. கடையில் சரமாக வாங்கிக்கொள்ளலாமே என்று நான் ஒவ்வொரு வருஷமும் சொல்வேன், அவர் ஒவ்வொரு வருஷமும் காதில் வாங்கமாட்டார். மல்லிகையோடு ஊதா ஆர்க்கிட்டும் வாங்கி வருவார். மாலையில் ஆர்க்கிட் வைப்பது இந்த ஊர்ப் பழக்கம், அம்மாவுக்கு அதில்தான் பிரியம் அதிகம். கூடத்துத் தரையில் பழைய தமிழ் முரசு நாளிதழைப் பரப்பி, பூவைக் கொட்டி, நூலைப் பெருவிரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் இரண்டு மணி நேரம் யாரும் எழுப்ப முடியாது.

பக்கத்தில் மகள் பாடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எ மாலிக்யூல் இஸ் எ க்ரூப் ஆஃப் டூ ஆர் மோர் ஆட்டம்ஸ்..." அம்மா பூவிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"என்ன கண்ணு அது, மூலக்கூறா?"

அவளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. தமிழ் வகுப்பில் கட்டுரை எழுதுகிறாள், கருத்தறிதல் செய்கிறாள், நல்ல மார்க் வாங்குகிறாள், ஆனால் அறிவியல் முழுக்க ஆங்கிலத்தில்தானே நடக்கிறது. மூலக்கூறு எங்கேயிருந்து அவள் காதில் விழும்? அம்மா படித்தது உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில். 1982-இல் மூடப்பட்ட, இங்கிருந்த கடைசித் தமிழ்ப் பள்ளி அது. அணுவும் மூலக்கூறும் அவருக்குத் தமிழில்தான் அறிமுகம். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் சொல் மட்டும் அப்படியே நாக்கில் நிற்கிறது.

"கூறுன்னா சந்தையில கூறு கட்டி வைப்பாங்களே, அது மாதிரி பங்கு. ஒரு பொருளைப் பங்கு போட்டுக்கிட்டே போனா, இதுக்கு மேல பிரிச்சா அந்தப் பொருளே இல்லன்னு ஆகிற கடைசிப் பங்கு. அதுதான் மூலக்கூறு."

நான் சமையலறையில் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீரைப் பாதியாக்கி, அதைப் பாதியாக்கி, இப்படியே போனால் ஓர் இடத்தில் இனிப் பிரித்தால் தண்ணீராக இருக்காது, ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் போய்விடும் என்கிற இடம் வரும். ஆங்கிலத்தில் நான் படித்தபோது மாலிக்யூல் என்ற ஓசைக்குள் எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை. தமிழ்ச் சொல்லுக்குள் கதவு திறந்தே இருக்கிறது. தனிமம் என்றால் தனி. சேர்மம் என்றால் சேர்ந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைத்து, ஈரக் கையோடு வந்து மகளிடம் சொன்னேன்.

அவள் உடனே கேட்டாள்: "அப்போ ஆக்சிஜன்ல ரெண்டு ஆட்டம் சேர்ந்துதானே இருக்கு? அது ஏன் சேர்மம் இல்ல?"

தேர்வில் அவள் எழுதிய அதே விடை! தமிழ்ச் சொல் கதவைத் திறந்துவிட்டு அதே பழைய பள்ளத்தில் கொண்டுபோய் விட்டது. சொல் தெளிவாக இருந்தால் போதும் என்று நினைத்தது என் அவசரம்.

கட்டியிருக்கிறதா, எத்தனை வகை

பதில் அம்மாவின் மடியில் இருந்தது. பூக்கட்டும்போது மல்லிகையை இரண்டிரண்டாக எடுத்து நூலில் முடிவார். ஒரு முடிச்சில் இரண்டு மல்லி. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு ஒரு முடிச்சைத் தொட்டு, "இது கட்டியிருக்கு, ஆனா ரெண்டும் மல்லிதான்" என்றாள். மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போல. அதன் பிறகு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் அந்த மாதத்தில் நான் செய்த உருப்படியான காரியம் என்று நம்புகிறேன்.

அவளே பூக்களை எடுத்து அடுக்கினாள். பேப்பரில் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் கிடக்கும் மல்லி: ஹீலியம். தனித்தனி அணு, யாரோடும் சேராது. இரண்டு மல்லி ஒரு முடிச்சில்: ஹைட்ரஜன். கட்டியிருப்பதால் மூலக்கூறு, ஒரே வகை என்பதால் தனிமம். நடுவில் பெரிய ஆர்க்கிட், இரண்டு பக்கமும் சின்ன மல்லி, மூன்றும் ஒரே முடிச்சில்: தண்ணீர். கட்டியிருக்கிறது, இரண்டு வகையும் இருக்கிறது, ஆக சேர்மம். கட்டாத மல்லியும் கட்டாத ஆர்க்கிட்டும் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தால் வெறும் கலவை. ஒரே கேள்வியாக அவள் குழப்பிக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு கேள்விகள். கட்டியிருக்கிறதா என்பது ஒன்று. எத்தனை வகைப் பூ என்பது இன்னொன்று. அணுவா மூலக்கூறா என்பதற்கு முதல் கேள்வி விடை சொல்லும், தனிமமா சேர்மமா என்பதற்கு இரண்டையும் கேட்க வேண்டும். நான் நிறத்தை மட்டும் பார்க்கச் சொன்னேன், அவள் முடிச்சை மட்டும் பார்த்திருந்தாள். இருவரும் ஆளுக்குப் பாதி சரி.

இந்தக் குழப்பம் சின்னப் பிள்ளைகளுடையது மட்டும் என்று யாராவது நினைத்தால், ஆங்கிலேய வேதியியலாளர் ஜான் டால்டனை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சித்தாளில் வரும் இந்த வட்டங்களே அவர் பழக்கியவைதான். 1808-இல் வெளியிட்ட நூலில் ஆக்சிஜனுக்கு வெறும் வட்டம், ஹைட்ரஜனுக்கு நடுவில் புள்ளி வைத்த வட்டம் என்று வரைந்தார். தண்ணீருக்கு ஒரு புள்ளி வட்டமும் ஒரு வெறும் வட்டமும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதாவது எச்ஓ. ஒரே வகை அணுக்கள் ஒன்றையொன்று தள்ளிவிடும், சேராது என்பது அவருடைய நம்பிக்கை. அதே காலத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லூசாக் வாயுக்களை அளந்து பார்த்து, கன அளவில் இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி வருகிறது என்று காட்டினார். டால்டன் அந்த அளவை நம்ப மறுத்தார்.

1811-இல் அவகாட்ரோ, இத்தாலியில் டியூரின் நகரத்துக்காரர், முதலில் சட்டம் படித்தவர், இதற்கு ஒரு வழி சொன்னார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவு வாயுக்களில் சம எண்ணிக்கையில் துகள்கள் இருக்கும், ஆக்சிஜனின் துகள் ஒன்றே இரண்டாகப் பிரியக்கூடியது என்றார். மகளுக்கு இதைப் பூவை வைத்தே காட்டினேன், அதாவது அவளையே செய்யச் சொன்னேன். இரண்டு மல்லி முடிச்சு, ஒரு ஆர்க்கிட். இதிலிருந்து இரண்டு தண்ணீர் முடிச்சு கட்டு. அவள் ஒன்று கட்டினாள், இரண்டாவதற்கு ஆர்க்கிட் இல்லை. "பூவைப் பாதியா கிள்ளணுமா?" என்றாள். ஆர்க்கிட்டும் இரண்டிரண்டாகக் கட்டியிருந்தால்? உடனே பிடித்துக்கொண்டாள். ஆர்க்கிட் முடிச்சை அவிழ்த்து, மல்லி முடிச்சுகளையும் அவிழ்த்து, இரண்டு தண்ணீரையும் கட்டி முடித்தாள். பூ ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அடுத்த வருஷம் வேதிச் சமன்பாடு என்று தலையைப் பிய்த்துக்கொள்ளப் போகிற விஷயம் தமிழ் முரசு மேல் கிடந்தது.

அவகாட்ரோ சொன்னதைப் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்ள ஏறக்குறைய ஐம்பது வருஷம் பிடித்தது. 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்தில் வேதியியலாளர்கள் கூடியபோது இத்தாலியரான கன்னிஸாரோ அவருக்காக வாதாடினார், அதன் பிறகுதான் நிலைமை மாறியது. அவகாட்ரோ 1856-லேயே இறந்துபோயிருந்தார். ஒரே வகை அணு இரண்டு சேர்ந்திருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்ளப் பெரிய பெரிய ஆட்களுக்கு ஐம்பது வருஷம். என் மகளுக்கு நான் பாத்திரம் கழுவும் நேரம் கொடுத்தேன்.

பூ உவமையை ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்கவும் எனக்கு விருப்பமில்லை. கட்டினாலும் மல்லி மல்லியாகவே மணக்கும், ஆர்க்கிட் ஆர்க்கிட்டாகவே இருக்கும். அணுக்கள் அப்படி இல்லை. ஹைட்ரஜன் எரியும், ஆக்சிஜன் எரிவதற்குத் துணை போகும், இரண்டும் கட்டிக்கொண்டால் தீயை அணைக்கிற தண்ணீர். அங்கே நூலும் கிடையாது, எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்வதுதான் முடிச்சு. இதையும் அவளிடம் சொன்னேன். அளவையும் சொன்னேன். குழாயிலிருந்து விழும் ஒரு சொட்டுத் தண்ணீரில், 0.05 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரைக் கோடி கோடி கோடிக்கும் மேல் மூலக்கூறுகள். கோடியைக் கோடியால் பெருக்கி, அதை மறுபடி கோடியால் பெருக்க வேண்டும். அம்மா அதைக் கேட்டு ஒரு நிமிஷம் நூலைச் சுற்றாமல் நிறுத்தினார்.

சரம்

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு. அன்று அம்மா வேறு மாதிரி கட்டிக்கொண்டிருந்தார். ஒரு மல்லி, ஒரு ஆர்க்கிட், ஒரு மல்லி, ஒரு ஆர்க்கிட், இப்படியே நீளமான சரம், பூஜை அறை வாசலில் தொங்கவிட. மகள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"அம்மா, இதுல ஒரு மாலிக்யூல் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது?"

சும்மா கேட்ட கேள்வி இல்லை அது. சில நாள் முன்னால் உப்பைப் பற்றிக் கேட்டபோது நான், "என்ஏசிஎல், ஒரு சோடியம், ஒரு குளோரின், ரெண்டும் சேர்ந்தா ஒரு உப்பு மூலக்கூறு" என்று சொல்லி இரண்டு வட்டம் ஒட்ட வைத்து வரைந்தும் காட்டியிருந்தேன். சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்ட கணத்தில்தான், இருபத்தைந்து வருஷத்துக்கு முன் சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வுக்கு நான் படித்த ஒரு பக்கம் எங்கிருந்தோ மேலே வந்தது. உப்புக்கு மூலக்கூறு கிடையாது. நாம் குழம்பில் போடும் உப்புக்கல்லில் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் (அயனி என்றால் மின்னூட்டம் கொண்ட அணு) மாறி மாறி அடுக்கிக்கொண்டே போகின்றன. சரம் ஒரே திசையில் நீள்கிறது, உப்பில் மேல், கீழ், இடம், வலம், முன், பின் என்று எல்லாத் திசையிலும். ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். இந்தச் சோடியத்துக்கு அந்தக் குளோரைடு ஜோடி என்று எதையும் தனியாகக் காட்ட முடியாது. என்ஏசிஎல் என்பது ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம், அவ்வளவுதான்.

அது எனக்குத் தெரிந்ததுதான். ஒரு காலத்தில் தேர்வில் எழுதி மார்க் வாங்கியதும்கூட. ஆனால் அதை நான் படமாகப் பார்த்ததே இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. பார்த்திருந்தால் அப்படி வட்டம் வரைந்து காட்டியிருப்பேனா? கீவேர்ட் எழுதத் தெரிந்து, உள்ளே படம் இல்லாத பிள்ளையைப் பற்றி இரண்டு மாதமாக நான் கவலைப்பட்டேனே, அந்தப் பிள்ளை நான்தான். மகள் இரண்டு பெட்டிகளில் தவறவிட்டதை நான் ஒரு பாடம் முழுக்கத் தவறவிட்டு, நல்ல கிரேடும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அவளிடம் சொன்னேன். "அன்னைக்கு அம்மா உப்பைப் பத்திச் சொன்னது தப்பு. உப்பு இந்தச் சரம் மாதிரி. அதுல மூலக்கூறு இல்ல." நான் வரைந்த படத்தை நோட்டில் தேடி எடுத்துக் குறுக்கே கோடு போட்டாள், கோபமில்லாமல், ரொம்ப நிதானமாக. "தேர்வுல இது வருமா?" என்று கேட்டாள். உப்பின் உள்ளமைப்பு அவளுடைய இந்த வருஷப் பாடத்தில் இல்லை, அடுத்த வருஷம் வேதியியலில்தான் வரும் என்றேன். வராது என்று தெரிந்த பிறகும் அவள் புத்தகத்தை மூடவில்லை. நோட்டில் பென்சிலால் சரத்தை வரைந்தாள். மல்லிக்கு 'என்ஏ', ஆர்க்கிட்டுக்கு 'சிஎல்', இரண்டு முனையிலும் மூன்று மூன்று புள்ளிகள்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"உப்புக்கு இல்லன்னா, அப்போ சக்கரைக்கு?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் போனில் தேடினாள்.

"சக்கரைக்கு இருக்கு பாட்டி. கார்பன் 12, ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 11. மொத்தம் 45, ஒரே முடிச்சுல."

"மூணு வகைப் பூ வேணும் அப்போ" என்றார் அம்மா, பேப்பரில் மிச்சமிருந்த நாலைந்து மல்லியை ஒதுக்கிக்கொண்டே. "நாளைக்குத் தேக்காவுக்கு நீயும் வா கண்ணு. ஒரு ரோஜாவும் பார்த்து எடுத்துட்டு வருவோம்."